தூண்டில் வளைவுக் கல் ஏன் உருள்கிறது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

#1 கச்சான்காற்று

வணக்கம். உவரிப் பக்கம் ஒரு சின்னக் கடற்கரை ஊர் எங்களுடையது. ஊர்ப் பெயர் வேண்டாம், வேலை எடுத்தவர் பெயரும் வேண்டாம். சண்டை போட வரவில்லை, புரிந்துகொள்ள வந்திருக்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் எங்களுக்குத் தூண்டில் வளைவு போட்டார்கள். கடல் பக்கம் வராதவர்களுக்காகச் சொல்கிறேன்: கரையிலிருந்து கடலுக்குள் தூண்டில் முள் மாதிரி வளைத்து நீட்டிய கருங்கல் கரைதான் அது. முதல் வருடம் மணல் நன்றாகச் சேர்ந்தது, ஃபைபர் படகுகளை நிம்மதியாக இழுத்துப் போட்டோம். போன ஆனி ஆடியில் கச்சான் காற்று அடித்தபோது முனையில் சில கற்கள் உருண்டன. இந்தச் சித்திரையில், காற்றே இல்லாத ஒரு நாள் கள்ளக்கடல், அதாவது எங்கோ தூரத்தில் கிளம்பி வருகிற நெடிய அலை, ஏறியது. விடிந்து பார்த்தால் முனையில் பத்துப் பதினைந்து மீட்டர் இல்லை.

ஊரில் மூன்று கட்சி. சின்னக் கல்லைப் போட்டு ஏமாற்றிவிட்டார்கள் என்று ஒன்று. கல்லே வேண்டாம், டெட்ராபாட் (நாலு கால் கான்கிரீட் கட்டை) போடு என்று இன்னொன்று. கரையோரம் நெடுகக் கான்கிரீட் சுவர் எழுப்பு என்று மூன்றாவது. என் கேள்வி அதற்கும் முந்தியது. நாலு பேர் கடப்பாரை போட்டாலும் அசையாத கல்லை வெறும் தண்ணீர் எப்படி உருட்டுகிறது? இவ்வளவு எடைக் கல் போதும் என்று எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

#2 தாமிரபரணித்தண்ணி

பக்கத்தில் ஒரு ஊருக்கு இடிந்தகரை என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்த பிறகும் அங்கே கல் நிற்கும் என்று நம்பினீர்கள் பாருங்கள் அண்ணாச்சி, அந்த நம்பிக்கையைச் சொல்லணும்.

#3 பாளை ஓய்வூதியர்

கச்சான் தம்பிக்கு. நல்ல கேள்வி, வரிசையாக வருகிறேன். கொஞ்சம் நீளும்.

"வெறும் தண்ணீர்" என்பதில்தான் பிழை. ஒரு கன மீட்டர் கடல்நீர் 1,025 கிலோ. பழைய அம்பாசிடர் கார் ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கும். மூன்று மீட்டர் அலை உடையும்போது அப்படி எத்தனை கார் ஒன்றாக வந்து விழுகிறது என்று நினைத்துப் பாருங்கள். கல்லின் பக்கமும் ஒரு கணக்கு உண்டு. கரையில் 2.65 டன் இருக்கிற கல் கடலுக்குள் போனால் தான் ஒதுக்கிய நீரின் எடையை இழந்து 1.6 டன்தான். கடப்பாரையோடு நீங்கள் மல்லுக்கட்டிய கல் வேறு, அலை மோதுகிற கல் வேறு.

அலை அந்தக் கல்லை என்ன செய்கிறது? ஓடுகிற நீர் தன்னோடு இழுக்கிறது. நீரின் வேகம் கூடும்போதும் குறையும்போதும் தனியாக ஒரு தள்ளு இருக்கிறது. கல்லின் முதுகின் மேல் நீர் விரைந்து போகும்போது அதை மேல்நோக்கித் தூக்குகிறது. இந்த மூன்றும் புத்தகத்தில் முதல் பக்கத்திலேயே இருக்கும். களத்தில் நான் அதிகம் பார்த்தது நான்காவது. அலை ஏறும்போது கல் இடுக்குகளுக்குள் நீர் நிறைந்துவிடும். அலை சட்டென்று இறங்கும்போது உள்ளே இருக்கிற நீர் வெளியே வரப் பார்க்கும், வரும்போது மேல்கல்லை உள்ளிருந்து நெம்பும். அடிக்கும்போது நின்ற கல் பின்வாங்கும்போது சரிவது இதனால்தான்.

இத்தனையையும் தனித்தனியாகக் கணக்கிட முடியாது. அதனால் அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையின் விக்ஸ்பர்க் ஆய்வுக்கூடத்தில் ஹட்சன் என்பவர் 1950களில் தொட்டியில் சின்னக் கற்களை அடுக்கி, செயற்கை அலை விட்டுச் சோதித்து ஒரு சூத்திரம் கொடுத்தார். குறை உள்ளதுதான். அலையின் கால அளவை, அதாவது ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே எத்தனை நொடி என்பதை, அது பார்ப்பதில்லை. 1988-ல் நெதர்லாந்தின் வான் டெர் மேர் அதைச் சேர்த்து விரிவாக்கினார். ஆனாலும் முதல் கணக்குக்கு இன்றும் ஹட்சன்தான்.

அதன் சாரம்: கல்லின் எடை அலை உயரத்தோடு கூடுவதில்லை, அலை உயரத்தை மூன்று தடவை எழுதி ஒன்றோடொன்று பெருக்கினால் வருகிற எண்ணோடு கூடுகிறது. உடைகிற அலை, ஒன்றுக்கு இரண்டு சரிவு (ஒரு மீட்டர் உயர இரண்டு மீட்டர் தள்ளிப் போவது), நம் பக்கத்துக் கருங்கல் என்று வைத்துக்கொண்டால்:

2 மீட்டர் அலைக்கு 1.3 டன்.
3 மீட்டர் அலைக்கு 4.5 டன்.
4 மீட்டர் அலைக்கு 10.6 டன்.

அலை இரண்டு மடங்கானால் கல் எட்டு மடங்காக வேண்டும். "கொஞ்சம் பெரிய அலைதானே" என்று கரையில் நின்று சொல்கிறோமே, அந்தக் கொஞ்சத்தின் விலை இதுதான்.

#4 ராதாபுரத்தான்

நான் குவாரி ஆள். ஓய்வூதியர் ஐயா சொன்ன எண்களைக் கண்ணால் பார்க்கிற அளவுக்கு மாற்றித் தருகிறேன். 1.3 டன் கல் என்றால் நாலு பக்கமும் 80 சென்டிமீட்டர் கட்டி, இடுப்புக்குக் கீழே வரும். 4.5 டன் என்றால் பக்கத்துக்கு 1.2 மீட்டர், நெஞ்சு உயரம். 10.6 டன் கல் ஆள் உயரத்துக்கு வந்துவிடும்.

வெடி வைத்தால் பாறை நாம் கேட்கிற அளவில் உடையாது. பிளவு எங்கே ஓடுகிறதோ அங்கேதான் உடையும். பெரும்பகுதி ஜல்லிக்குத்தான் ஆகும். நெஞ்சு உயரக் கல் நூறு வேண்டும் என்றால் அதற்கு மலையளவு சின்னக் கல் கழியும். ஆகவே எடைக்குறைவான கல் கலந்து வருவது எப்போதும் திருட்டு என்று சொல்லிவிடாதீர்கள். சில நேரம் திருட்டும்தான், மறுக்கவில்லை.

எடையை விட வடிவம் எனக்கு முக்கியம். மூலை முனை உள்ள கல் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு நிற்கும். உருண்டைக் கல் எத்தனை டன்னாக இருந்தாலும் கோலிக்குண்டுதான்.

#5 கச்சான்காற்று

நன்றி அண்ணாச்சிமார்களே. நேற்று போய்ப் பார்த்தேன். மிச்சம் நிற்கிற கற்களில் பெரும்பாலானவை நெஞ்சுக்குச் சற்றுக் கீழே. அப்படியானால் மூன்று, மூன்றரை டன் இருக்கும் போல. சின்னக் கல் கட்சி சொல்வது முழுக்கச் சரியில்லை.

இன்னொன்று கவனித்தேன். கரையிலிருந்து போகிற நீண்ட பகுதிக்கு ஒன்றும் ஆகவில்லை. முனை மட்டும் போயிருக்கிறது. அதிலும் அலை வருகிற பக்கத்துக் கல் அப்படியே இருக்க, முனையைச் சுற்றி உள்பக்கம்தான் சரிந்து கிடக்கிறது. இது எப்படி? அடி வாங்குவது ஒரு பக்கம், விழுவது மறுபக்கமா?

#6 பாளை ஓய்வூதியர்

சரியாகப் பார்த்திருக்கிறீர்கள் தம்பி. முனையில் கல் கூம்பு மாதிரி வளைந்து அடுக்கியிருப்பதால் பக்கத்துக் கல்லின் பிடிமானம் குறைவு. அலை முனையைச் சுற்றி வளைந்து உள்பக்கம் போகும்போது நீர் வேகமெடுக்கும். வெளிப்பக்கத்துக் கல்லை அலை கரையோடு சேர்த்து அழுத்துகிறது, உள்பக்கத்துக் கல்லை அதே அலை வெளியே தள்ளுகிறது. அதனால்தான் முனைக்கு மட்டும் இன்னும் கனமான கல் அல்லது இன்னும் படுத்த சரிவு கேட்பார்கள். உடல் பகுதிக்குப் போட்ட அதே கல்லை முனைக்கும் போட்டிருந்தால் முதலில் போவது முனைதான்.

#7 மணப்பாட்டுக்காரி

கல்லைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். கல் எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது? மணல் மேல்.

நான் பள்ளியில் புவியியல் நடத்துகிறவள், பொறியாளர் இல்லை. கச்சான் காலத்தில் அலை நம் கரைக்குச் சாய்வாக வருகிறது. உடைந்த அலை சாய்வாகவே மணலை ஏற்றும், நேராக இறக்கும். இப்படியே மணல் கரையோரமாகக் கிழக்கேயும் வடக்கேயும் நடந்துகொண்டிருக்கும். வாடைக் காலத்தில் கொஞ்சம் திரும்பி வரும். குறுக்கே கல் போட்டால் மணல் வருகிற பக்கம் சேரும், போகிற பக்கம் பட்டினி கிடக்கும். உங்கள் ஊரில் மணல் சேர்ந்ததைச் சொன்னீர்கள் தம்பி, உங்களுக்கு அடுத்த ஊரில் என்ன ஆனது என்று சொல்லவில்லையே?

முனையில் நடப்பது இன்னொன்று. சுழன்று போகிற நீர் கல்லின் காலடியில் மணலைத் தோண்டும். குளிக்கும்போது அலை இறங்கினால் குதிகாலுக்கு அடியில் மணல் கரைந்து உடம்பு பின்னால் சாயுமே, அதேதான்.

#8 கச்சான்காற்று

டீச்சர் கேட்டது குத்துகிறது. ஆமாம், அடுத்த ஊரில் கரை தின்கிறது. அவர்களும் தூண்டில் வளைவு கேட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

#9 பாளை ஓய்வூதியர்

டீச்சர் தொட்ட இடம்தான் இந்த இழையின் விடை என்று நினைக்கிறேன். நான் ஏன் முதலிலேயே எழுதவில்லை என்று என்னையே திட்டிக்கொள்கிறேன்.

கரையோரத்தில் எவ்வளவு பெரிய அலை வரலாம் என்பதைக் காற்று தீர்மானிப்பதில்லை, ஆழம் தீர்மானிக்கிறது. ஆழத்தில் ஏறக்குறைய 0.78 பங்குக்கு மேல் அலை உயர்ந்தால் நிற்க முடியாமல் உடைந்துவிடும். கல்லின் காலடியில் 4 மீட்டர் ஆழம் என்றால் அங்கே வரக்கூடிய பெரிய அலை சுமார் 3.1 மீட்டர். வெளியே ஆறு மீட்டர் அலை அடித்தாலும் கல்லைத் தொடும்போது அவ்வளவுதான்.

இப்போது காலடியில் ஒரு மீட்டர் மணல் போய்விட்டது என்று வையுங்கள். ஆழம் 5 மீட்டர். வரக்கூடிய அலை 3.9 மீட்டர். ஹட்சன் கணக்கில் போட்டால் 5 டன் கல் போதும் என்றிருந்த இடத்தில் 10 டன் வேண்டும். கல் மாறவில்லை, கடல் மாறவில்லை, ஒரு மீட்டர் மணல் போனதில் தேவை இரட்டிப்பாகிவிட்டது. அதோடு அடிக்கல் கீழே இறங்கினால் மேல்கல்லுக்கு முட்டு இல்லை.

ஆகவே மனுவில் "பெரிய கல் வேண்டும்" என்று மட்டும் எழுதினால், கொடுக்கிற பெரிய கல்லும் அதே பள்ளத்தில்தான் இறங்கும்.

#10 தாமிரபரணித்தண்ணி

அப்போ டெட்ராபாட் கட்சிக்கு என்ன பதில்? அது கவ்விப் பிடிக்கும் என்கிறார்களே.

#11 பாளை ஓய்வூதியர்

கவ்வும், உண்மை. 1950 வாக்கில் பிரான்சின் கிரெனோபிளில் உருவாக்கி, மொராக்கோவின் காசாபிளாங்காவில் ஒரு மின்நிலையத்துக்குக் கடல்நீர் எடுக்கும் இடத்தைக் காக்க முதலில் போட்டார்கள். 4 மீட்டர் அலைக்குக் கருங்கல் 10.6 டன் கேட்ட இடத்தில் டெட்ராபாட் 4.6 டன்னில் முடியும். கான்கிரீட் கருங்கல்லை விட அடர்த்தி குறைவாக இருந்தும் இப்படி. பெரிய கல் கிடைக்காத ஊருக்கு அது வரம்தான்.

ஆனால் கவ்வுகிறது என்று மட்டும் நம்பினால் என்னாகும் என்பதற்குப் போர்ச்சுகலில் சீனெஸ் துறைமுகம் இருக்கிறது. 50 மீட்டர் ஆழம் வரை போன அலைத்தடுப்பு. தென்னாப்பிரிக்காவில் கண்டுபிடித்த டோலோஸ் என்ற கட்டைகளைப் போட்டார்கள், ஒவ்வொன்றும் 42 டன். 1978 பிப்ரவரியில், வேலை முடிகிற நேரத்தில் வந்த புயலில் பெரும்பாலான கட்டைகள் போய்விட்டன. உருண்டதை விட முறிந்ததுதான் முக்கியம். டோலோஸின் இடுப்பு மெலிது, உள்ளே கம்பி கிடையாது. கட்டை பெரிதாகப் பெரிதாக எடை எகிறுகிறது, கான்கிரீட்டின் வலு அப்படியேதான் இருக்கிறது. லேசாக ஆடினாலே ஒன்றோடொன்று மோதி ஒடிந்துவிடும். உடைந்த துண்டுக்குக் கவ்வும் பிடி ஏது?

உங்கள் ஊருக்கு 42 டன் எவரும் போடப் போவதில்லை. ஆனால் காலடிப் பள்ளம் டெட்ராபாட்டுக்கும் பள்ளம்தான்.

#12 ராதாபுரத்தான்

சுவர்க் கட்சியை விட்டுவிட்டீர்கள் ஐயா.

#13 பாளை ஓய்வூதியர்

சுவருக்கு ஸ்காட்லாந்தின் விக் துறைமுகக் கதை போதும். 1872-ல் அங்கே அலைத்தடுப்பின் முனையில் இரும்புக் கம்பியால் பிணைத்து ஒரே கட்டியாக வைத்திருந்த 1,350 டன் எடையைப் புயல் அப்படியே பெயர்த்துத் தள்ளியது. அதைவிடப் பெரிதாக, 2,600 டன்னில், மறுபடி கட்டினார்கள். அதையும் 1877-ல் கடல் கொண்டுபோனது.

கற்குவியல் அலையைத் தன் இடுக்குகளில் வாங்கிச் சோர்வடையச் செய்யும். செங்குத்துச் சுவர் அப்படியே திருப்பி அடிக்கும். வருகிற அலையும் திரும்புகிற அலையும் சேர்ந்தால் சுவருக்கு முன்னால் உயரம் இரட்டிக்கும், காலடி மணல் இன்னும் வேகமாகப் போகும். அலை சரியாகச் சுவரின் மேலேயே உடைந்தால் இடையில் சிக்கிய காற்று நசுங்கி, கண்ணிமைப்பதற்குள் முடிந்துவிடுகிற ஒரு பேரடி விழும். ஜப்பானின் கோடா 1974-ல் கொடுத்த அழுத்தக் கணக்கைத்தான் செங்குத்துச் சுவர்களுக்கு இன்று உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். அவ்வளவு கணக்கும் பார்த்துப் பெரிய துறைமுகத்தில் கட்டுவது வேறு, மணல் கரையில் எழுப்புகிற ஊர்ச் சுவர் வேறு.

#14 முப்பந்தல்விசிறி

இழை கொஞ்சம் திசை மாறினால் மன்னியுங்கள். நான் காற்றாலைப் பராமரிப்பில் இருக்கிறேன். கயத்தாறு சோதனை நிலையம் வைத்திருக்கிற தேசிய காற்றாற்றல் நிறுவனம் கடலுக்குள் காற்றாலை வைக்க நம் தென்முனைக் கடலைத்தான் ஆராய்ந்தது. தரையில் எங்களுக்குக் காற்று ஒன்றுதான் எதிரி. கடலில் தூணுக்கு அலை வேறு. கல்லுக்குச் சொன்ன கணக்கே தூணுக்கும் வருமா?

#15 வள்ளியூரான்_மும்பைஹை

இதற்கு நான் வரலாம். 14 வருடமாக எண்ணெய் மேடைகளில் வேலை.

கணக்கு வேறு. தூண் உருளாது, தள்ளப்படும். 1950-ல் பெர்க்லியில் மாரிசனும் கூட்டாளிகளும் கொடுத்த சமன்பாடுதான் எங்களுக்கு அரிச்சுவடி. விசை இரண்டு பங்கு. ஒன்று இழுவை, நீரின் வேகத்தைத் தன்னாலேயே பெருக்கியதோடு கூடும். இரண்டாவது முடுக்கத்தால் வருவது, தூண் ஒதுக்குகிற நீரின் அளவோடு கூடும். அலையின் முகடு தாண்டும்போது இழுவை உச்சத்தில் இருக்கும், நீர்மட்டம் நடுவில் இருக்கும்போது முடுக்கம் உச்சத்தில் இருக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் உச்சம் தொடாது என்பது கட்டுகிறவனுக்குக் கடல் கொடுத்த தள்ளுபடி.

ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். 6 மீட்டர் ஆழம், 3 மீட்டர் அலை, எட்டு நொடிக்கு ஒன்று. நீரின் வேகம் நொடிக்கு 1.9 மீட்டர் வரை வரும். படகுத்துறைக்கு அடிக்கிற 60 சென்டிமீட்டர் தூணில் மீட்டர் உயரத்துக்கு இழுவை 115 கிலோ, முடுக்க விசை 90 கிலோ. ஏறக்குறைய சமம். அதே இடத்தில் 8 மீட்டர் விட்டமுள்ள காற்றாலைத் தூணை வையுங்கள். இழுவை ஒன்றரை டன், முடுக்க விசை பதினைந்து டன்னுக்கு மேல். தூண் பருத்தால் ஆட்டமே மாறிவிடுகிறது. இன்னும் பருத்து அலைநீளத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால் தூணே அலையை வளைத்துச் சிதறடிக்கும், அதற்கு மாரிசன் செல்லாது. அலை தூணின் மேலேயே உடைந்தால் அந்த அடி தனிக் கணக்கு.

நடைமுறையில் எங்களுக்குத் தலைவலி வேறு இரண்டு. ஒன்று, தூணில் ஒட்டுகிற சிப்பியும் பாசியும். விட்டமும் கூடும், மேற்பரப்பும் சொரசொரப்பாகும், இழுவை இரண்டு வழியிலும் ஏறும். சுரண்டுவதற்கென்றே முக்குளிப்பவர்களை இறக்குவோம். இரண்டாவது, எண்ணிக்கை. ஆறு நொடிக்கு ஒரு அலை என்றால் வருடத்துக்கு 50 லட்சத்துக்கு மேல். பெரிய அலை ஒன்றும் வராமலே, சின்ன அலைகளே வெல்டிங்கில் மயிரிழை விரிசலைத் திறந்து திறந்து மூடி வளர்த்துவிடும். 1980 மார்ச் 27-ல் வடகடலில் அலெக்சாண்டர் கீலாண்ட் மேடை கவிழ்ந்து 123 பேர் இறந்தார்கள். அதன் மூலம், ஒரு குறுக்குக் குழாயில் சின்னக் கருவி ஒன்றைப் பொருத்தப் போட்ட வெல்டிங்கில் இருந்த விரிசல். எங்கள் பயிற்சியில் அந்தப் படத்தைக் காட்டாத வருடமே இல்லை.

#16 முப்பந்தல்விசிறி

மேடையின் தளம் அலைக்கு மேலே எவ்வளவு உயரத்தில் இருக்கணும்?

#17 வள்ளியூரான்_மும்பைஹை

எதிர்பார்க்கிற மிகப் பெரிய அலையின் முகடு தளத்தைத் தொடவே கூடாது, இடைவெளி விட்டுத்தான் வைப்பார்கள். தூணுக்கு நடுவில் அலை வழிவிட்டுப் போகும், தளத்தில் பட்டால் வழியில்லை. வடகடலின் எகோஃபிஸ்க் எண்ணெய் வயலில் எண்ணெய் எடுக்க எடுக்கக் கடல்தரை கீழே இறங்கி இந்த இடைவெளி குறைந்துபோனது. 1987-ல் மேடைகளின் காலை வெட்டி, தளங்களை 6 மீட்டர் தூக்கி, இடையில் துண்டு சேர்த்தார்கள். உங்கள் தூண்டில் வளைவு மாதிரியே யோசியுங்கள் கச்சான்: அங்கேயும் கடல் உயரவில்லை, தரைதான் இறங்கியது.

பாலத்துக்கும் இதே பாடம். 2005-ல் கத்ரீனா புயலில் அமெரிக்காவின் பிலாக்சி விரிகுடாப் பாலத்தின் கான்கிரீட் தளங்களை அலை கீழேயிருந்து தூக்கி நகர்த்தியது. உத்தரங்களுக்கு நடுவே சிக்கிய காற்றும் மிதவை மாதிரி உதவியது.

#18 தாமிரபரணித்தண்ணி

2023 செப்டம்பரில் தூத்துக்குடியிலிருந்து கூடங்குளத்துக்கு நீராவி உற்பத்திக் கலன் இரண்டை ஏற்றி வந்த மிதவை, கயிறு அறுந்து பாறையில் ஏறி நின்றதே, அதுவும் அலைதானா?

#19 வள்ளியூரான்_மும்பைஹை

அந்த ஒரு சம்பவத்தின் விசாரணைக்குள் நான் போகவில்லை. பொதுவாகச் சொன்னால், இழுவைக் கயிறு நிதானமான இழுப்பில் அறுவது அபூர்வம். இழுப்பவனும் மிதவையும் வெவ்வேறு அலைமேல் ஏறி இறங்கும்போது கயிறு தொய்ந்து, சடாரென்று விறைக்கும். அந்த ஒரு வெட்டுக்குத்தான் அறும். உங்கள் ஊரில் படகை இழுத்தவர்களுக்கு நான் இதைச் சொல்ல வேண்டியதில்லை.

#20 கச்சான்காற்று

உண்மை. சின்ன வயதில் என் கையே அப்படி எரிந்திருக்கிறது.

எனக்கு ஒரு சந்தேகம் மிச்சம். கச்சானில் கடல் கொந்தளித்து நுரை கட்டி அடித்தது, கொஞ்சம்தான் போனது. கள்ளக்கடல் அன்றைக்குப் பார்த்தால் அலை ஒன்றரை மீட்டர்கூட இல்லை, எண்ணெய் ஊற்றின மாதிரி கிடந்தது. ஆனால் அதுதான் அழித்தது. உயரம்தான் எல்லாம் என்றால் இது எப்படி?

#21 மணப்பாட்டுக்காரி

இது எனக்குப் பிடித்த பாடம். கன்னியாகுமரிக்குத் தெற்கே அண்டார்டிகா வரை பெரிய நிலம் எதுவும் இல்லை. அந்தக் கோடியில் புயல் அடித்தால் கிளம்புகிற நெடிய அலை நாளைக்கு ஆயிரம் கிலோமீட்டர் கணக்கில் நடந்து, ஐந்தாறு நாளில் நம் வாசலில் நிற்கும். இங்கே காற்றே இருக்காது, அதனால்தான் கள்ளத்தனமாக வருகிற கடல் என்று பெயர். கேரளத்திலும் குமரியிலும் புழங்கிய இந்த வார்த்தையையே 2012-ல் யுனெஸ்கோ அறிவியல் சொல்லாக ஏற்றுக்கொண்டது. ஐதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் இப்போது அதே பெயரில் எச்சரிக்கை விடுகிறது. தூத்துக்குடிப் பக்கம் இலங்கை கொஞ்சம் மறைக்கும், நமக்கு மறைப்பு குறைவு.

#22 பாளை ஓய்வூதியர்

டீச்சர் சொன்னதற்கு எண் சேர்க்கிறேன். ஆறு நொடி அலையின் நீளம் ஆழ்கடலில் 56 மீட்டர். 16 நொடி அலைக்கு 400 மீட்டர். உயரம் இரண்டும் ஒன்றரை மீட்டர் என்றாலும், ஒரு மீட்டர் அகலக் கரைக்கு முன்னது கொண்டுவருவது ஏறக்குறைய 7 கிலோவாட், பின்னது 18. நீள அலை ஆழம் குறையக் குறைய அதிகமாக எழும்பும், சரிவில் மிக உயரம் ஏறும், நிறைய நீரோடு இறங்கும். நான் முதலில் சொன்ன அந்த உள்ளிருந்து நெம்புகிற விசை அப்போது நீண்ட நேரம் வேலை செய்யும். ஹட்சன் கால அளவைப் பார்ப்பதில்லை என்று குறை சொன்னேனே, அது இங்கேதான் உறுத்தும்.

ஆனால் உங்கள் முனை கச்சானிலேயே காலடி இழந்திருக்கும் என்பது என் ஊகம். அளந்தால் தெரிந்துவிடும். கடல் அமைதியான ஒரு காலையில், படகில் போய், முனையின் காலடியில் நாலு இடம், அங்கிருந்து முப்பது மீட்டர் தள்ளி நாலு இடம் ஆழம் பாருங்கள். நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். நம் பக்கம் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்குள்தான் என்றாலும் கணக்கில் கழிக்கணும். கல் மேல் ஏறி நின்று அளக்காதீர்கள், ஆடுகிற கல் காலை விழுங்கிவிடும்.

#23 கச்சான்காற்று

நாலு நாள் கழித்து வருகிறேன். சித்தப்பாவின் படகில் போய், ஈயக்குண்டு கட்டின கயிற்றை விட்டுப் பார்த்தோம். முப்பது மீட்டர் தள்ளி எல்லா இடத்திலும் இரண்டு பாகம், ஏறக்குறைய 3.6 மீட்டர். வேலை தொடங்கும் முன் முனை இருந்த இடத்திலும் இரண்டு பாகம்தான் என்று சித்தப்பா சொல்கிறார், அங்கே வலை விட்டவர். இப்போது முனையின் உள்பக்கக் காலடியில் இரண்டே முக்கால் பாகம். வெளிப்பக்கம் இரண்டேகால். கயிற்றின் நுனியில் மெழுகு வைத்து இறக்கினோம், பள்ளத்தில் மணல் ஒட்டவில்லை, களிமண் ஒட்டியது.

#24 பாளை ஓய்வூதியர்

மெழுகு வைத்தது பிரமாதம், அது எனக்குத் தோன்றவில்லை.

இரண்டே முக்கால் பாகம் என்றால் 5 மீட்டர். 3.6 மீட்டர் ஆழத்துக்கு வரக்கூடிய அலை 2.8 மீட்டர், கல் 3.7 டன் போதும். நீங்கள் பார்த்த மூன்றரை டன் கல் அதற்கு ஏறக்குறையப் பொருந்துகிறது, அதாவது வரைந்தவர் அன்றைய ஆழத்துக்குத் தப்பாக வரையவில்லை. இன்றைய 5 மீட்டருக்கு அலை 3.9, கல் 10 டன்.

மனுவில் மூன்று விஷயம் கேளுங்கள். முனையின் காலடியைச் சுற்றி அகலமாக ஒரு கல் மேடை, அடியில் மணல் உறிஞ்சப்படாமல் வடிகட்டி அடுக்கு. அந்த மேடை பள்ளத்தில் தானே சரிந்து இறங்கி நிரப்புகிற அளவுக்குத் தாராளமாக இருக்கணும். அப்புறம் முனைக்கு மட்டும் கனமான கல் அல்லது டெட்ராபாட், படுத்த சரிவு. மூன்றாவது, வருடம் இரண்டு தடவை, கச்சானுக்கு முன்னும் பின்னும், காலடி ஆழம் அளப்பது. மூன்றாவதுதான் மலிவு, அதைத்தான் எவரும் செய்வதில்லை.

#25 மணப்பாட்டுக்காரி

நான்காவதாக அடுத்த ஊரையும் அதே மனுவில் சேர்த்துக்கொள்ளுங்கள் தம்பி. அவர்கள் தனியாகக் கேட்டு, தனியாக ஒரு வளைவு வந்தால், அதற்கடுத்த ஊர் கிளம்பும்.

#26 கச்சான்காற்று

சரி டீச்சர். அங்கே என் மச்சான் இருக்கிறான், ஞாயிறு பூசை முடிந்து போய்ப் பேசுகிறேன். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசுக்கு இரண்டு ஊரும் ஒரே வேனில் போகலாமா என்று பார்க்கிறோம். ஆழம் அளந்த தாளைப் படம் எடுத்து இங்கே போடுகிறேன், எண்களில் பிழை இருந்தால் அதற்குள் சொல்லிவிடுங்கள்.

#27 ராதாபுரத்தான்

காலடி மேடைக்கு அரை டன், ஒரு டன் கல் போதுமே. அது எங்களிடம் மலையளவு கிடக்கிறது என்று மனுவில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

#28 பாளை ஓய்வூதியர்

அவசரப்படாதீர்கள் ராதாபுரத்தாரே. மேடை எத்தனை ஆழத்தில் இருக்கிறது என்று பார்த்துத்தான் கல் அளவு. தாளை முதலில் பார்ப்போம்.